தூதரின் விருந்தில் அகில் புகை

நான் ஓர் அரசதூதருக்குக் கார் ஓட்டியவன். தூதரகக் காரில் தூதர் பின்னால் வலப்பக்கம்தான் உட்காருவார். ஓட்டுபவன் முன்னால் இடப்பக்கம். ஆகவே அவரிடம் வேலை செய்த வருடங்கள் முழுவதும் அவரை நான் கண்ணாடியில் குறுக்காகத்தான் பார்த்தேன். அவருடைய பெருமைகளை எழுத அவருடைய நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது மரியாதையால் அல்ல. எனக்குச் செய்ததை அவர் இன்றுவரை நாலு பேர் கேட்கச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவருடைய நாடு வளைகுடாப் பக்கத்தில் ஒரு சிறிய அரசு. அவர் அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. பழைய அரசர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குப் பால் கொடுத்தது தூதரின் தாய். ஒரே பாலைக் குடித்தவர்கள் அந்த ஊரில் உடன்பிறந்தவர்கள் மாதிரி. கலியாண உறவுகூட அவர்களுக்குள் ஆகாது. அந்தப் பால் அவரை அரண்மனைக்குள் கொண்டுபோனது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, அரண்மனைப் பிள்ளைகளோடு ஒரே ஆசிரியரிடம் படித்தார். வெளிநாட்டவர்கள் வந்தால் அரசருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். ஒருமுறை அரசர் இன்னொரு அரசருக்குப் பரிசாக அனுப்பிய குதிரைகளைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு குதிரை செத்துவிட்டது. போய்ச் சேர்ந்த இடத்தில் குறை ஒன்றும் எழாதபடி அவர் பேசியதைக் கேட்ட பிறகுதான் அரசர் அவரைத் தூதராக்கினாராம். அதை அவரே காரில் எத்தனையோ விருந்தாளிகளுக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செத்த குதிரையைப் பற்றி என்ன பேசினார் என்று மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மூன்று தலைநகரங்களில் தூதராக இருந்தார். மூன்றாவதில்தான் நான் அவரிடம் வேலை செய்தேன்.

என்னுடைய கதை சிறியது. ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடக் கட்டடம் போரில் இடம்பெயர்ந்து வந்த சனங்களுக்குப் போனது, நான் லொறிக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து வளைகுடா. அங்கே பவுசர், தண்ணீர் கொண்டுபோகும் தாங்கி லொறி, ஓட்டினேன். ஒருநாள் அரண்மனைத் தோட்டத்துக்குள் பவுசரைப் பின்பக்கமாக ஓட்டி, ஒரு பூச்சட்டியிலும் படாமல் வெளியே எடுத்தேன். அதை மாடியிலிருந்து பார்த்தவர் தூதர். விடுமுறைக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் நான் ஒரு குளிர் தலைநகரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றேன். கலியாணம் முடித்து இரண்டு வருடம். மனைவி ஊரில், மகள் வயிற்றில்.

அவரிடம் கற்றுக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. அரபு மொழி பேசக் கற்றுக்கொண்டேன். விருந்தில் யாரை எங்கே இருத்துவது, யார் வந்தபின் யார் வரலாம், யார் முன்னால் யார் எழும்பலாம், இதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஒருவரோடு சண்டை என்றால் வாயால் போட மாட்டார். கோப்பி ஊற்றும் வரிசையில் முதலாவதாக இருக்க வேண்டிய அந்த ஆளை இரண்டாவதாக வைப்பார். அந்த ஆள் வீட்டுக்குப் போன பிறகுதான் தனக்கு அடி விழுந்தது என்று அறிந்துகொள்வார். தூதர் காரில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகச் சிரிப்பார். கண்ணாடியில் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கும் சிரிப்பு வரும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கார் ஓட்டுவது. தூதர் தானே ஓட்டுவது மரியாதை இல்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், முன்னால் இருக்கும் கொடிக்குத் தோல் உறையைப் போட்டு மூடிவிட்டு ஓட்டுவார். நான் பக்கத்து இருக்கையில் இருப்பேன். வேகமாக ஓட்டுவார். சொன்னால் கேட்க மாட்டார். அப்படி ஒரு காலையில், பேக்கரியில் பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்த ஒரு மனிதரை இடித்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாண் மூன்று துண்டாக உடைந்து கிடந்தது.

அவர் இறங்கினார். அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். அவர் எனக்குக் கதவு திறந்தது அந்த ஒரு முறைதான். "இறங்கு, போய் அவரைப் பார்," என்றார். நான் இறங்கிப் போய் அந்த மனிதரின் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் வரும்போது என் கை முழுக்க இரத்தம். தூதர் பின் இருக்கையில், வலப்பக்கம், கோட்டுப் பொத்தான்கள் போட்டு உட்கார்ந்திருந்தார். கொடியிலிருந்து உறை கழற்றப்பட்டிருந்தது.

பொலிஸிடம் அவர்களுடைய மொழியில் அவர்தான் பேசினார். எனக்கு அந்த மொழி தெரியாது. என்னை அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனபோது விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டியது நான் என்று அவர் சொல்லியிருந்தார், என் மறுப்பை ஒருவரும் நம்பவில்லை. அந்த மனிதர் பிழைக்கவில்லை. தூதரை எந்த நீதிமன்றமும் தொட முடியாது, அது உலகம் முழுக்க உள்ள சட்டம். வண்டியோட்டிக்கு அந்தச் சட்டம் இல்லை. உண்மையில் அவர் ஒப்புக்கொண்டிருந்தாலும் சிறைக்குப் போயிருக்க மாட்டார். ஊருக்குத் திருப்பி அழைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத் தாங்க முடியாமல் என்னை உள்ளே அனுப்பினார்.

சிறையில் மூன்று குளிர்காலம். அடித்தது இல்லை, பட்டினி போட்டது இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சுவரில் வெள்ளை அடிக்கும் வேலை தந்தார்கள். வெளியே விட்டதும் நாடு கடத்தினார்கள். அதற்குள் மனைவியையும் மகளையும் மனைவியின் அண்ணன் பிரெஞ்சு பேசும் மொன்றியல் நகரத்துக்கு எடுத்துவிட்டார். நானும் விண்ணப்பித்தேன். ஆளைக் கொன்ற குற்றவாளி என்று என் பெயரோடு ஒட்டியிருந்தது எனக்கு முன்னாலேயே ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய் உட்கார்ந்திருந்தது. ஓர் இடத்தில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்தேன், இன்னோர் இடத்தில் கப்பல் கழுவினேன், ஒரு நகரத்தில் வேலையே இல்லாமல் ரயில் நிலையத்தில் படுத்தேன். நான் மொன்றியலில் வந்து இறங்கியபோது என் மகளுக்குப் பிரெஞ்சில் பல்லெல்லாம் விழுந்து முளைத்திருந்தது. விமான நிலையத்தில் "பொன்ஜூர்" என்று கையை நீட்டினாள்.

மச்சானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன், எனக்கு ஒத்த வயது. கோயில் பாட்டுக் குழுவில் பாடுபவர். மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் உள்ள விருந்து மண்டபம் ஒன்றின் சமையற்கட்டு அவர் பொறுப்பில் இருக்கிறது. எனக்கு முதலில் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை இருந்தது. முதுகு போனதும் மச்சான் என்னைத் தன் மண்டபத்தில் பரிமாறும் வேலைக்கு எடுத்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வேறு விதமாகச் சொன்னதில்லை. ஆனால் குடும்பத்தில் எங்கே போனாலும், கார்த் திறப்பு, சாவிதான், மேசைமேல் இருக்கும்போது, அவர் வாயிலிருந்து ஒன்று வரும்.

"அவனிட்டைக் குடுக்காதேங்கோ. சனம் றோட்டில நடக்கட்டும்."

எல்லோரும் சிரிப்பார்கள். மகள் கார் ஓட்டப் பழகியபோது என்னிடம் கேட்கவில்லை. மாமாவிடம் பழகினாள். நான் ஜன்னலில் நின்று, அவள் காரை ஓரத்தில் விடத் தெரியாமல் முன்னும் பின்னும் போவதைப் பார்த்தேன். நான் ஓட்டவில்லை என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் வருடம் நிறையச் சொன்னேன். மனைவி எழும்பிக் கோப்பைகளைக் கழுவப் போவாள். மச்சான், "ஓம் ஓம், சிறையில இருக்கிற எல்லாரும் உதைத்தான் சொல்லுறவங்கள்," என்பார். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால் வாயால்தான். அந்த ஆள் வந்து மச்சானுக்கு முன்னால் நின்று 'ஓட்டியது நான்' என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

போன குளிர்காலத்தில் அந்த ஆள் வந்தார்.

மண்டபத்தை வாடகைக்கு எடுக்க ஒரு வணிகர் வந்திருந்தார். தூதரின் நாட்டவர், மொன்றியலில் நீண்ட காலமாகக் கப்பல் ஏற்றுமதித் தொழில் செய்பவர். அவரோடு ஓர் அம்மா. ஓய்வுபெற்ற தன் தகப்பனுக்கு மரியாதை செய்யும் விருந்து என்று அந்த அம்மா மச்சானுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தகப்பன் என்று அவர் என் தூதரின் பெயரைச் சொன்னபோது நான் மேசைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மடித்தேன். பிறகு இருவரும் தங்களுக்குள் அரபில் பேசினார்கள். பரிமாறுகிற கறுத்த கிழவனுக்கு அந்த மொழி தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் பேச்சிலிருந்து அவருடைய மிச்சக் கதையையும் அறிந்துகொண்டேன். பழைய அரசர் இறந்துவிட்டார். புதிய அரசருக்குப் பால் உறவு ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற தூதர்களுக்கு அரசவையில் ஓர் இருக்கை கொடுப்பது அங்கே வழக்கம், இவருக்குக் கொடுக்கவில்லை. மகள் வீட்டில், மொன்றியலின் மேற்குத் தீவுப் பக்கத்தில், பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது அரசரின் தம்பி மகன், ஓர் இளவரசர், ஏதோ கூட்டத்துக்காக மொன்றியல் வருகிறார். அவரை விருந்துக்கு அழைத்து, சாப்பாடு முடிந்ததும் தூதர் எழுந்து தன் சேவையைப் பற்றி உரை ஆற்றி, கடைசியில் அந்த இருக்கையைக் கேட்பார். எல்லோருக்கும் முன்னால் விருந்தில் கேட்டதை இளவரசர் மறுக்க முடியாது. உரையை மாதக்கணக்காக எழுதுகிறாராம்.

"உரை முடிந்த பிறகுதான் அகில்," என்றார் வணிகர், போகும்போது ஒரு பெட்டியைத் தந்து என்னிடம் ஆங்கிலத்தில். "நான் கை காட்டுவேன்."

அவர்கள் போனதும் மச்சான் அவர்கள் விட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே பித்தளைத் தூபக்கால், கரித்துண்டுகள், ஒரு சிறு டப்பாவில் அகில் கட்டை.

"உது என்ன, பூசை வைக்கப்போறாங்களோ?" என்று கேட்டார்.

"சாப்பாடு முடிய வந்த ஆக்களுக்குக் காட்டுறது," என்றேன். "நான் பாக்கிறன்."

"நீயே பார். மேல கிடக்கிற புகை மணி அடிச்சு நெருப்பணைக்கிறவங்கள் வந்தா, நீதான் போய்ப் பொன்ஜூர் சொல்லவேணும்."

அகிலைப் பற்றி மச்சானுக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. அந்த நாட்டில் விருந்தாளியிடம் 'போய் வாருங்கள்' என்று வாயால் சொல்வது பெரிய அவமரியாதை. அதற்குப் பதிலாகத்தான் அகில். தூபக்கால் வந்தால் விருந்து முடிந்தது. ஒவ்வொருவரும் புகையைத் தலைத்துணிக்குள்ளும் கைச்சட்டைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, விருந்து கொடுத்தவரை வாழ்த்திவிட்டு எழும்புவார்கள். அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பவன் நாகரிகம் தெரியாதவன். தூதர் வீட்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேச்சு நீண்டு அலுப்புத் தந்தால், அவர் தன் பணியாளைப் பார்த்து இமையை ஒருமுறை இறக்குவார். தூபக்கால் வரும். எதிரி அரைவாசிப் பேச்சோடு எழும்ப வேண்டியதுதான்.

ஆனால் அப்போது என் திட்டம் அகில் இல்லை. விருந்து முடிந்து அவர் வெளியே வரும்போது, மச்சானையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர் முகத்துக்கு நேரே கேட்பது. அவ்வளவுதான் நினைத்திருந்தேன். வேறு விதங்களும் மனதில் வந்தன. கோப்பிக்குள் என்னவெல்லாம் போடலாம் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தேன். அவரைப் படியில் தள்ளிவிடுவதாக ஒரு முறை கனவு கண்டேன், நல்ல கனவு.

விருந்து நாள் வந்தது. அவர் கைத்தடியோடு வந்தார். சுருங்கிப்போயிருந்தார், ஆனால் தாடி அதே அளவாக வெட்டப்பட்டிருந்தது. வாசலில் கோப்பி ஊற்றியவன் நான். அவர் கோப்பையை நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை மணிக்கட்டால் இரண்டு முறை அசைத்துப் போதும் என்று காட்டினார். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

இளவரசர் தாமதமாக வந்தார். முப்பது வயது இருக்கும். மேசைக்குக் கீழே தொலைபேசியை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவருக்கு வலப்பக்கம் தூதர், இடப்பக்கம் வணிகர். மற்ற மேசைகளில் அந்த நாட்டுக் குடும்பங்களும், மொன்றியல் நண்பர்கள் சிலரும். முழு ஆட்டைச் சோற்றின்மேல் வைத்து நானும் மச்சானும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தோம். மச்சான் கத்தியோடு அங்கேயே நின்று இறைச்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் தட்டுகளோடு நின்றேன்.

அப்போது எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரர், இத்தனை வருடச் சேவையில் கடினமான நாள் எது என்று தூதரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். தூதர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். கதை வருகிறது என்று எனக்குத் தெரியும்.

"என்னிடம் ஒரு வண்டியோட்டி இருந்தான்," என்றார். "இலங்கைப் பையன். நல்ல பையன், ஆனால் வேகம். ஒரு காலையில் ஒரு வயோதிபரை இடித்துவிட்டான். நான் பின்னால் இருக்கிறேன். அவன் அழுகிறான், என் காலைப் பிடிக்கிறான். நான் நினைத்தால் அன்றே கையைக் கழுவியிருக்கலாம். ஆனால் அவன் என் வீட்டுச் சோறு தின்றவன். ஒவ்வோர் அமைச்சரிடமும் போனேன். அவனுக்குப் பல வருடம் கிடைத்திருக்க வேண்டியது, மூன்றோடு முடிந்தது. இன்று எங்கேயோ நன்றாக இருப்பான். நாளை இறைவன் என்னைக் கேட்டால், அந்த ஒன்றைச் சொல்வேன்."

வெள்ளைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். இளவரசர்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மச்சானின் கத்தி நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இறைச்சிக்குத் திரும்பினார்.

நான் கால் பிடிக்கவில்லை. அழவும் இல்லை. என் மடியில் ஒரு மனிதரின் தலை இருந்தது. அவர் அந்தக் கதையைச் சொன்ன விதத்தில் நடிப்பு இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். நடிப்பு இல்லை. அவர் முகத்தை எனக்குப் படிக்கத் தெரியும். அவர் அதை நம்பினார். என்னுடைய மூன்று குளிர்காலத்தை எடுத்துத் தன் புண்ணியக் கணக்கில் போட்டுக்கொண்டு, அதோடு நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறார். அதை இளவரசருக்கு முன்னால் உரையிலும் சொல்வார். அதற்குத்தான் அந்த இருக்கையும் கிடைக்கும்.

நான் தட்டுகளை வைத்துவிட்டு உள்ளே போனேன். கரியைப் பற்றவைத்தேன். சாம்பல் பூக்கும்வரை நின்றேன், அவசரப்படவில்லை. அகிலை டப்பாவில் இருந்தது முழுவதும் போட்டேன்.

நான் தூபக்காலோடு வெளியே வந்தபோது தூதர் சட்டைப்பைக்குள் கையை விட்டு உரைத்தாள்களை எடுத்துக்கொண்டிருந்தார். வணிகர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். கையை மேசைக்குக் கீழே வைத்து வேண்டாம் என்று ஆட்டினார். நான் பார்த்தேன், பார்க்காதவன் மாதிரி நேரே இளவரசரிடம் போனேன். முதலில் பதவியில் பெரியவருக்கு. அதுதான் முறை. நான் அதைத் தூதரிடம்தான் கற்றேன்.

இளவரசரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறக்க மாட்டேன். பள்ளிக்கூட மணி கேட்ட பிள்ளை மாதிரி தொலைபேசியைப் பைக்குள் போட்டார். புகையை இரண்டு கையாலும் தலைத்துணிக்குள் அள்ளினார். வணிகரை வாழ்த்தினார். எழுந்தார். இளவரசர் எழுந்தால் ஒருவரும் உட்கார்ந்திருக்க முடியாது. மண்டபம் முழுக்க நாற்காலிகள் இழுபட்ட சத்தம். வெள்ளைக்காரர்களும் எல்லோரையும் பார்த்து எழும்பினார்கள். சிலர் வாயில் சோறோடு.

தூதரும் எழுந்தார். தாள்கள் கையில் இருந்தன. வாயைத் திறந்தார், மூடினார். அகில் வந்த பிறகு விருந்தாளியை மறிப்பது எவ்வளவு கீழான செயல் என்று அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இளவரசர் அவருடைய தோளில் முத்தமிட்டார், வயதுக்காக. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா," என்றார். போய்விட்டார்.

நான் தூபக்காலை அவரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் காட்ட வேண்டுமே. அவர் புகைக்குள்ளால் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார்.

மண்டபம் வெறுமையாகிக்கொண்டிருந்தது. வணிகர் இளவரசரின் பின்னால் ஓடினார், தூதரின் மகளும் போனார். தூதர் மட்டும் என் பின்னால் சமையற்கட்டு வாசல்வரை வந்தார். மச்சான் அங்கே நின்றார். நான் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த ஆட்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், மச்சானுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக.

"அன்று காரை ஓட்டியது யார்?"

தூதர் மச்சானைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. அவருக்குள் ஏதோ இடம் மாறுவதைப் பார்த்தேன். அந்தக் கதை அவரைவிட்டு இறங்கியது, வேறொன்று ஏறியது. அவர் என் காதுப்பக்கம் குனிந்து அரபில் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஓட்டினேன். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். இவ்வளவு நன்றாக, ஒரு சொல் இல்லாமல் ஒருவனை வீழ்த்த முடியும் என்று உனக்குக் கற்றுத்தந்ததும் நான்தான்."

பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

"என்னவாம்?" என்றார் மச்சான்.

"தான்தான் ஓட்டினதாம்."

மச்சான் ஆட்டின் எலும்புகளை வாளிக்குள் தள்ளினார்.

"உன்ர வாயாலதானே கேக்கிறன்," என்றார்.

"அப்ப நீ நம்பேல்லை."

"நம்புறதுக்கு என்ன கிடக்கு. எனக்கு உது எப்பவோ தெரியும்."

"என்னெண்டு?"

"நீ வந்த முதல் வருசம் பண்டகசாலையில சாமான் தூக்கிற வண்டில் ஓட்டினனி. நான் ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்தனான். பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு புறாவுக்கு வண்டிலை நிப்பாட்டிப்போட்டு, அது போகுமட்டும் இருந்தனி. நீ வேகமா ஓடி ஆளை அடிச்சனியோ? விசர்க் கதை."

நான் தூபக்காலைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு வருசமும் சொன்னனீ? பிள்ளைக்கு முன்னாலயும்?"

"ஓம்."

"ஏன்?"

அவர் கைகளைக் கழுவினார். துடைத்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"என்ர தங்கச்சி ஒன்பது வருசம் என்ர வீட்டு நிலத்துக்குக் கீழ அறையில கிடந்தவள். பிள்ளையை பிள்ளை பாக்கிற கார்டெரியில விட்டுட்டு, பேந்து ரெண்டு பஸ் பிடிச்சு வேலைக்குப் போவாள். வாய் திறந்து ஒரு சொல் சொல்லேல்லை. ஆரோ ஒருத்தன் அதுக்குப் பதில் சொல்லத்தானே வேணும். அந்தத் தூதன் எனக்குக் கிடைக்கேல்லை. நீ கிடைச்சனீ."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கை கூட வந்தது. ஆனால் அவர் சொன்னதில் எனக்கு விளங்காத ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் நான் ஒரு மனிதரைப் பழிவாங்கக் காத்திருந்தேன். அதே வருடங்களுக்காக, அதே மேசையில் எனக்குச் சோறு போட்டு, இன்னொருவர் என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு மாலையில் செய்ததை அவர் ஒவ்வொரு பெருநாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். என்னைவிடக் கெட்டிக்காரர்.

"வீட்டை போய் உதைச் சொல்லுவியோ?" என்று கேட்டேன்.

"சொல்லுறன். பிள்ளைக்கும் சொல்லுறன்." எலும்பு வாளியை மூடிவிட்டு, "ஆனா இந்த மண்டபத்தில உனக்கு இனி வேலை இல்லை. மண்டபம் எடுத்த அந்த முதலாளி நாளைக்கு வந்து குதிப்பான். நானே உன்னை நிப்பாட்டினதாச் சொல்லவேணும்," என்றார்.

"சரி."

"பண்டகசாலையில திரும்பக் கேட்டுப் பார்."

"சரி."

நாங்கள் இருவரும் மீந்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு முன்மண்டபத்துக்கு வந்தோம். தரிப்பிடத்தில் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கூரைக்குக் கீழே, தூதர் தனியாக நின்றார். மகள் காரை எடுக்கப் போயிருந்தார் போலும், நேரம் ஆகியும் வரவில்லை. காற்று அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தது. கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உரைத்தாள்கள் சட்டைப்பைக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு தாள் விழுந்து பனிமேல் ஓடியது. அவர் அதன் பின்னால் இரண்டு அடி வைத்தார், பிறகு விட்டுவிட்டார்.

"எண்பது வயசு இருக்குமே," என்றார் மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டு.

"கூட இருக்கும்."

"உள்ள வந்து நிக்கச் சொல்லுவமோ? ஒரு கதிரை போடலாம்."

நான் அடுத்த கவளத்தை வாயில் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் மடித்து அடுக்கிய நாற்காலிகள் இருந்தன, கைக்கெட்டும் தூரத்தில். மச்சான் அவற்றையும் பார்த்தார். பிறகு ஒரு எலும்பை எடுத்துக் கடித்தார்.

நாங்கள் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தோம். கார் வந்தது. அவர் ஏறப் பட்ட பாட்டை, முடியும்வரை, இருவரும் பார்த்தோம்.